பதிப்பு வேறு, பிரதி வேறு: பழைய அச்சுப் புத்தகங்களில் வாசகர் எழுதிவைத்தவை

வீட்டில் கிடக்கும் பழைய புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இரண்டு பதில்கள் உடனே வரும். "அதெல்லாம் இப்ப நெட்டில கிடக்குதானே" என்பது ஒன்று. "எழுதிக் கிறுக்கிப் பழுதாக்கி வெச்சிருக்காங்க, இனி இது எதுக்கு?" என்பது மற்றது. இப்படிச் சொல்பவர்களுக்குப் புத்தகத்தில் அக்கறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மார் சொல்கிறார்கள், நூலகங்களில் வேலை செய்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சின் முடிவில், மூன்று தலைமுறை கண்ட புத்தகம் பழைய பேப்பர்காரரிடம் போய்க் கச்சான் சுற்றும் சரையாகிறது. கொஞ்சம் நல்ல விதி வாய்த்தால் பைண்டிங் கடைக்குப் போய், மூன்று பக்கமும் ஓரம் வெட்டப்பட்டு, அங்கே எழுதியிருந்தது பாதியோடு அறுந்து திரும்பி வருகிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் நடக்கிறது. முகப்பில் 1886 என்று அச்சாகியிருந்தால், உள்ளே பேனையால் எழுதியிருப்பதும் 1886ஆம் ஆண்டுக்குரியது என்று எடுத்துக்கொள்கிறோம். புத்தகம் ஒரு பெரியவரின் வீட்டிலிருந்து வந்தது என்றால், அதில் இருப்பதெல்லாம் அவர் கையெழுத்து என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

தூக்கி எறிவதற்கும் அளவுக்கு மிஞ்சி நம்புவதற்கும் காரணம் ஒரே குழப்பம்தான்: பதிப்பும் பிரதியும் ஒன்று என்று நினைப்பது. அதைத் தெளிவாக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே வார்ப்பு, வேறு வேறு வீடு

பழைய வீடுகளில் பித்தளைக் குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருப்பார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு குடங்கள் அளவிலும் வடிவிலும் எடையிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கழுத்தில் அம்மம்மாவின் முதலெழுத்தும் கலியாண வருடமும் வெட்டியிருக்கும், அடியில் ஈயம் ஒட்டிய தழும்பு இருக்கும். மற்றக் குடம் வேறொரு வீட்டுக்குப் போய் வேறு பெயரும் வேறு தழும்பும் வாங்கியிருக்கும். கடையில் அதே அச்சுக் குடம் இன்னொன்று கிடைக்கும் என்பதற்காக யாரும் அம்மம்மாவின் குடத்தை எடைக்குப் போடுவதில்லை.

புத்தகத்திலும் இதேதான். எழுத்துகளைக் கோத்து ஒரு முறை அச்சிட்டு வெளியே விட்ட மொத்தத் தொகுதிக்குப் *பதிப்பு* என்று பெயர். அந்தத் தொகுதியில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஒரு புத்தகம் *பிரதி*. அச்சகத்தின் வாசலைத் தாண்டும் வரை எல்லாப் பிரதியும் ஏறக்குறைய ஒன்றுதான். தாண்டிய பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் போகிறது: வாங்கியவர் பெயர் எழுதுகிறார், படித்தவர் கோடு போடுகிறார், பிள்ளை கணக்குப் போடுகிறது, மழை நனைக்கிறது. இப்படி வாசகர் கையால் சேர்ந்த எழுத்தையும் கோட்டையும் அடையாளத்தையும் *ஓரக்குறிப்பு* என்கிறோம். அது ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வரிகளுக்கு நடுவிலும் அட்டையின் உட்பக்கத்திலும் வெற்றுத்தாளிலும் இருக்கலாம்.

இணையத்தில் கிடைப்பது ஏதோ ஒரு பிரதியின் படம். அதைக் கொண்டு பதிப்பில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அறியலாம். உங்கள் பிரதியில் இருக்கும் கையெழுத்து அங்கே இருக்காது.

பிரதி தொலைந்தால் என்ன தொலையும்

பிரான்ஸ் நாட்டில் பியெர் தெ ஃபெர்மா என்ற சட்டத்துறைக்காரர் இருந்தார். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1621இல் அச்சான பழைய கிரேக்கக் கணித நூல் ஒன்றின் ஓரத்தில், 1637 அளவில், ஒரு தேற்றத்தை எழுதி, அதற்கு அருமையான நிறுவல் தன்னிடம் உண்டு என்றும் அதை எழுத இந்த ஓரம் போதாது என்றும் குறித்துவைத்தார். அவர் 1665இல் இறந்த பிறகு, மகன் அந்தக் குறிப்புகளைச் சேர்த்து 1670இல் நூலை மறுபடி அச்சிட்டார். அந்த ஒற்றை ஓரக்குறிப்பு கணித அறிஞர்களை முந்நூறு வருடங்களுக்கு மேல் வேலை வாங்கியது. 1994இல்தான் ஆண்ட்ரூ வைல்ஸ் அதற்கு முழுமையான நிறுவலைக் கண்டார். 1621 பதிப்பின் பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. ஃபெர்மா கையால் எழுதிய அந்தப் பிரதி மட்டும் இல்லை. மகன் அச்சில் ஏற்றியிராவிட்டால் அந்தக் குறிப்பு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு கதை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கொப்பர்னிக்கஸ் எழுதிய நூல் 1543இல் நியூரம்பேர்க்கில் அச்சானது. அது யாருமே படிக்காத புத்தகம் என்று ஆர்தர் கோஸ்லர் 1959இல் எழுதினார், பலரும் நம்பினார்கள். வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கெரிச், 1970இல் எடின்பரோவில் ஒரு பிரதியைத் திறந்தபோது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை அடர்த்தியாகக் குறிப்புகள் எழுதியிருக்கக் கண்டார். இப்படி எத்தனை இருக்கும் என்று தேடிப் புறப்பட்டவர், 1543 பதிப்பிலும் 1566இல் வந்த இரண்டாம் பதிப்பிலுமாக ஏறத்தாழ 600 பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கு முப்பது வருடம் ஆனது. குறிப்புகளை ஒப்பிட்டதில், ஓர் ஆசிரியரின் குறிப்பை மாணவர் தன் பிரதியில் பார்த்தெழுதியதும், அது கைமாறிப் பல நாடுகளுக்குப் போனதும் தெரிந்தது. 1620இல் கத்தோலிக்கத் திருச்சபை சில வரிகளைத் திருத்தச் சொன்னபோது, இத்தாலியில் இருந்த பிரதிகளில் பெரும்பாலானவை பேனையால் அடிக்கப்பட்டிருந்தன. வெளிநாடுகளில் இருந்தவற்றில் அப்படி அடித்தவை மிகக் குறைவு. யாரும் படிக்கவில்லை என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அதை முடித்துவைத்தவை "கிறுக்கல்" என்று நாம் சொல்லும் கோடுகள்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எழுதியவர் என்ன சொன்னார் என்பதைப் பதிப்பில் காணலாம். யார் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள், எங்கே முரண்பட்டார்கள் என்பதைப் பிரதியில்தான் காண முடியும்.

நம் பக்கத்துக்கு வந்த புத்தகங்கள்

தமிழ் எழுத்தில் அச்சான, நமக்குக் கிடைத்த முதல் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. வெறும் 16 பக்கம். இலங்கையில் 1730களில் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் நிறுவினார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் அச்சு வேலை தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தன் அச்சகத்தை வைத்தார். மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷன் 1814இலேயே வந்துவிட்டது, பள்ளிக்கூடமும் வந்தது. ஆனால் இங்கே வாசித்த பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சாகிக் கடல் வழியாகவும் வண்டிப் பாதையாலும் வந்தவை. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அப்படி வந்த புத்தகத்தை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கவில்லை. வாத்தியார், மாணவர், அடுத்த தெரு, அடுத்த ஊர் என்று கை மாறியது. ஆகவே ஒரே பிரதியில் மூன்று நான்கு பேருடைய எழுத்து இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

முதல் வேலை: அது உண்மையில் கையெழுத்தா?

இங்கே பலரும் தடுமாறுவதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் அறபுத்தமிழ்க் கிதாபுகள், அதாவது தமிழை அறபு எழுத்தில் எழுதிய புத்தகங்கள், பல வீடுகளில் உண்டு. திறந்தால் முழுவதும் கையால் எழுதியது போலவே இருக்கும். அவற்றில் பல *கல்லச்சு*. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிய எழுத்தை ஒரு தட்டையான கல்லில் ஏற்றி, அந்தக் கல்லிலிருந்து தாள் தாளாக ஒற்றி எடுக்கும் முறை அது. எழுதியது ஒரு கைதான், ஆனால் அதே எழுத்து எல்லாப் பிரதியிலும் இருக்கும். அப்படியானால் அது பதிப்பின் பகுதி, ஓரக்குறிப்பாகாது. அதற்கு வெளியே, ஒரு சொல்லின் கீழ் வேறு மையால் எழுதிய பொருள்தான் வாசகருடையது.

ஈய எழுத்துகளைக் கோத்து அழுத்திய சாதாரண அச்சைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவினால் எழுத்துகள் புடைத்து நிற்பது தெரியும். பேனை எழுத்தில் வேறு அடையாளங்கள் இருக்கும்: கோடு ஓர் இடத்தில் தடித்து ஓர் இடத்தில் மெலியும், மை தீர்ந்து தொட்ட இடத்தில் திடீரென்று கருக்கும், சில இடங்களில் பின்பக்கம் வரை ஊறியிருக்கும்.

யார், எதற்காக எழுதினார்

கல்லடிப் பக்கத்து வீடொன்றில் பார்த்த ஒரு நன்னூல் பிரதியை உதாரணமாக எடுக்கிறேன். முகப்புத்தாள் இல்லை. பதவியலின் முதற் சூத்திரம் இப்படி அச்சாகியிருக்கிறது:

எழுத்தே தனித்துந் தொடர்ந்தும் பொருடரிற்
பதமாம்

"பொருடரிற்" என்ற சொல்லுக்குள் பென்சிலால் ஒரு சின்ன நிமிர்கோடு. மேலே நுணுக்கி "பொருள் + தரின்" என்று எழுதியிருக்கிறது. அன்றைய அச்சில் செய்யுளைச் சொல் பிரிக்காமல் புணர்ச்சியோடே போடுவார்கள், படிக்கிறவர்தான் பிரிக்க வேண்டும். இந்த மாணவர் முதல் சில பக்கங்களில் எல்லாச் சொல்லையும் பிரித்திருக்கிறார். போகப்போகக் கோடுகள் குறைகின்றன. நடுப்பகுதியில் கடினமான இடங்களில் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு பிள்ளை இலக்கணம் கற்றுக்கொண்டு வந்த வேகத்தையே அந்தப் பென்சில் கோடுகள் பதிந்து வைத்திருக்கின்றன. எந்தப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் இது கிடைக்காது.

அதே புத்தகத்தில் பழுப்பு மையில் சில எழுத்துத் திருத்தங்களும் உண்டு. பார்த்தவுடன் "யாரோ பெரிய பண்டிதர் திருத்தியிருக்கிறார்" என்றுதான் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்தக் கால நூல்களின் முன்னாலோ பின்னாலோ *பிழைதிருத்தம்* என்று ஒரு பட்டியல் இருக்கும்: அச்சாகி முடிந்த பிறகு கண்ட பிழைகளைப் பக்கம், வரி காட்டிப் பதிப்பாளர் தாமே அச்சிட்டுச் சேர்ப்பது. பொறுப்புள்ள வாசகர் புத்தகம் வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பார்த்து உள்ளே திருத்திக்கொள்வார். ஆகவே முதலில் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருக்கும் திருத்தம் பதிப்பாளருடையது. பட்டியலில் இல்லாத திருத்தம் கிடைத்தால்தான் சுவாரசியம். அது வாசகரின் சொந்த ஊகமாக இருக்கலாம், வாத்தியார் வாயால் கேட்டதாக இருக்கலாம், ஓர் ஏட்டில் இருந்த *பாடபேதமாகவும்* இருக்கலாம். ஒரே நூலின் ஒரே இடத்தில் வெவ்வேறு ஏடுகள் வெவ்வேறு சொல்லைத் தருவதைத்தான் பாடபேதம் என்கிறோம்.

நம் பக்கத்தில் இந்தக் கடைசிச் சாத்தியத்தை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். காரணம், இங்கே சில நூல்களைக் கண்ணால் படிப்பதை விட வாயால் ஓதுவதே வழக்கம். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்கு ஓதும் கண்ணகி வழக்குரை பல தலைமுறை ஏட்டில் இருந்து பிறகு அச்சேறியது. அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்து ஓதுகிறவருக்குக் காதில் வேறொரு பாடம் இருக்கும். அச்சில் ஒரு சொல்லை வெட்டி மேலே இன்னொன்றை எழுதினால், அந்த ஊர்க் கோயிலில் எப்படி ஓதினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் போல பாரதம் வழங்கும் இடங்களிலும் இப்படித்தான். ஓதும் புத்தகத்தில் வேறு தடயங்களும் தேடலாம்: எந்த நாள் எங்கே நிறுத்த வேண்டும் என்ற குறி, மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு புள்ளி, விளக்கு எண்ணெயின் கறை, திருநீறு படிந்த மடிப்பு. எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ அந்தப் பக்கம் அதிகம் திறக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

படிப்போடு சம்பந்தமே இல்லாத குறிப்புகளும் உண்டு. தாள் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் வெற்றுப் பக்கம் ஒரு சொத்து. வேதப்புத்தகத்தின் முன்தாளில் பிள்ளைகளின் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குழந்தை பிறந்த நாழிகை, பெரும்போகத்துக்கு எந்த வட்டையில் (வயல்வெளியில்) எத்தனை அவணம் நெல் விதைத்தது, யாருக்கு எவ்வளவு கடன். இங்கே ௵, ௴, ௳ போன்ற குறிகளைக் கண்டால் கிறுக்கல் என்று தாண்டிப்போக வேண்டாம். முறையே வருடம், மாதம், நாள் என்பதற்கான சுருக்கக் குறிகள் அவை. ௸ என்றால் மேற்படி, ௹ என்றால் ரூபாய். இவை தெரிந்தாலே பாதிக் குறிப்பு வாசிக்க வந்துவிடும்.

சுருக்கமாக: கையெழுத்து என்று உறுதியானதும், அது படிப்புக் குறிப்பா, திருத்தமா, ஓதுவதற்கான அடையாளமா, வீட்டுக் கணக்கா என்று பிரியுங்கள். திருத்தம் என்றால் பிழைதிருத்தப் பட்டியலைப் பார்க்காமல் பேச வேண்டாம்.

எப்போது எழுதியது

உறுதியான விதி ஒன்றுதான்: குறிப்பு, புத்தகம் அச்சான ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அந்த ஆண்டு சொல்லாது. 1886இல் அச்சான புத்தகத்தில் 1986இல் ஒரு பிள்ளை எழுதியிருக்கலாம்.

தமிழ் வருடப் பெயர் இருந்தாலும் விடயம் முடிந்துவிடாது. அந்தப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். 1886 பதிப்பில் "விகிர்தி ௵ ஆவணி" என்று எழுதியிருந்தால், அது 1890ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம், 2010ஆகவும்கூட இருக்கலாம். இவற்றில் எது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

மை ஒரு நல்ல சாட்சி. பழைய எழுத்து மை பெரும்பாலும் மாசிக்காய் அல்லது கடுக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, சேர்த்துச் செய்தது. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு மாற்றமடைந்து கறுப்பாகும். பல பத்து வருடங்கள் போனபின் பழுப்பாகும். அந்த மையில் அமிலம் இருப்பதால், அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரித்து ஓட்டையாக்கிவிடுவதும் உண்டு. போல்பொயின்ட் பேனை கடைக்கு வந்தது இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில்தான். ஆகவே ஒரே தடிப்பில் போகும் பிசுபிசுத்த நீலக்கோடு 1940களின் கடைசிக்கு முந்தியதல்ல. பென்சிலை வைத்துக் காலம் சொல்ல முடியாது. அது என்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.

தாளின் நிறத்தை வைத்து வயது சொல்வதுதான் பலரும் செய்யும் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை துணிக் கந்தலில் செய்த தாள், அதன் பிறகு பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். மரக்கூழில் அமிலம் இருப்பதால் அது சீக்கிரம் பழுத்து முறியும். 1750இன் தாள் வெள்ளையாகவும் 1920இன் தாள் அப்பளம் போலவும் இருப்பது இதனால்தான்.

ஊர்ப்பெயரும் உதவும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். காரைதீவு, கல்முனை, தம்பிலுவில் என்று எழுதிப் பக்கத்தில் "மட்டக்களப்பு" என்று சேர்த்திருந்தால், அதற்கு முந்திய காலத்தை எண்ணிப் பார்க்கலாம். பழக்கத்தால் பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பி ஆண்டு குறிக்க வேண்டாம்.

ஒரே பக்கத்தில் இரண்டு கை இருந்தால் எது முந்தியது? இடத்தைப் பாருங்கள். பிந்தி எழுதியவர் ஏற்கெனவே இருக்கும் எழுத்தை விலகித்தான் எழுதுவார். நான் சொன்ன நன்னூலில் பென்சில் குறிப்பு நேராக வந்து, பழுப்பு மைத் திருத்தத்தைக் கண்டதும் வளைந்து கீழே இறங்குகிறது. அப்படியானால் திருத்தியவர் முதலில், பிள்ளை பிறகு.

யார் என்ற கேள்விக்கு இதே நிதானம் வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் போன்ற ஒருவருடைய கை என்று யாராவது சொன்னால், ஐயம் இல்லாமல் அவருடையது என்று தெரிந்த கடிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே ஏற்கலாம். அவர் வீட்டில் இருந்தது, அவர் மாணவர் வைத்திருந்தது என்பது போதாது. அதே நேரம், பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளையின் குறிப்பு என்றால் மதிப்பில்லை என்றும் எண்ண வேண்டாம். பெரியவர்களைப் பற்றி எழுதிய பக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. சாதாரண வாசகர் விட்டுச்சென்றது பெரும்பாலும் இந்த ஓரங்கள் மட்டும்தான்.

கையில் பிரதி இருந்தால்

அழிறப்பரால் பென்சிலைத் துடைக்க வேண்டாம். மை கரைகிறதா என்று ஈரவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். செலோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை கொஞ்சக் காலத்தில் மஞ்சளாகித் தாளோடு ஊறிவிடும். கட்டக் கொடுப்பதென்றால் ஓரம் வெட்டக் கூடாது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதியும் கொடுங்கள். மாரி காலத்தில் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், ஈரமும் கறையானும் அங்கேதான் முதலில் வரும்.

1978 சூறாவளியிலும் 2004 கடல்கோளிலும் போன வீட்டுப் புத்தகங்கள் இனி வரப்போவதில்லை. மிச்சமிருப்பதைப் படமெடுப்பது இன்றே செய்யக்கூடிய காரியம், அதற்குக் கைப்பேசி போதும். கறுப்பு வெள்ளை ஸ்கேன் வேண்டாம். அதில் பென்சில் மறைந்துவிடும், பழுப்பு மையும் அச்சும் ஒன்றாகத் தெரியும். கலரில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, தாளின் நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். அட்டை, முன்தாள், பின்தாள், "ஒன்றும் இல்லை" என்று தோன்றும் வெற்றுப் பக்கம், எல்லாவற்றையும் எடுங்கள். நடுவில் மயிலிறகோ பழைய ரசீதோ இருந்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறிக்காமல் வெளியே எடுக்க வேண்டாம்.

படத்தைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, "இது யார் எழுத்து பெரியம்மா?" என்று கேளுங்கள். "இது அப்பச்சிட எழுத்து, ழகரத்தை அவர் இப்படித்தான் இழுப்பார்" என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொன்னதை வேறொரு தாளில் பென்சிலால் எழுதிப் புத்தகத்தோடு வையுங்கள். எந்தப் பக்கம், யாருடைய எழுத்து, சொன்னவர் யார், சொன்ன திகதி என்ன என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.